அட்டையின் பசி எங்கே இருக்கிறது?

கேள்வி: எப்போது கடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அட்டைக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

பதில்: செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள்தான் முதல் வாத்தியார். மருத்துவ அட்டையை 1980களில் ஆராய்ந்த சார்லஸ் லென்ட்டும் மைக்கேல் டிக்கின்சனும் இதைக் காட்டினார்கள். அட்டையை செரட்டோனின் கலந்த நீரில் விட்டால் அதிகம் கடிக்கும், தொண்டைத் தசை வேகமாக இறைக்கும், உறிஞ்சும் அளவும் கூடும். மூன்று தாடை இருந்தும் மெல்லுகிற வேலை கிடையாது. தோலை அறுத்ததும் எல்லாம் பம்ப்செட் உத்தியோகம்தான். தன் எடையைப்போலப் பல மடங்கு ரத்தம் உள்ளே போகும். உடல்சுவர் விம்மி விரிந்ததும் "போதும்" என்ற செய்தி கிளம்பும்.

ஆனால் தசையைப் பழக்குவதில் நியூரோபெப்டைடுகளுக்கும், அதாவது நரம்பணுக்கள் வெளியிடும் குட்டிப் புரதத் துண்டுகளுக்கும், பங்குண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1977இல் பிரைஸ், கிரீன்பெர்க் இருவரும் ஒரு கடல் சிப்பியில் கண்டுபிடித்த எஃப்.எம்.ஆர்.எஃப்.அமைடு என்ற நியூரோபெப்டைடு வெறும் நான்கு அமினோ அமிலம். அத்துனூண்டு பொருள் அட்டையின் இதயத் துடிப்பையே முடுக்கிவிடும், உடல் தசையையும் சுருக்கும்.

அட்டைக்குத் தூரத்துச் சொந்தமான கடல் முயல் என்ற நத்தையில் கதை இன்னும் தெளிவு. அதன் வாய்த் தசையைச் சுருக்கும் நரம்பணு, அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளோடு பெப்டைடுகளையும் சேர்த்தே விடுகிறது. அவற்றில் சில, சுருக்கத்தைப் பலப்படுத்துவதோடு, தசை தளர்வதையும் விரைவாக்கும். இறுக்கம் விடாத வாயால் அடுத்த கவளத்தைக் கடிக்க முடியுமா, சொல்லுங்கள்!