பேசித் தீர்த்துக்கலாமேம்மா!

நம் அலுவலகங்களில் பேச்சுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஒரு பெண் தன் மேலதிகாரி மீது பாலியல் புகார் எழுதிக் கொடுத்துப் பார்க்கட்டும். அன்று மதியத்துக்குள் மனிதவள அதிகாரி கதவைச் சாத்தி, டீ வரவழைத்து, "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவார். "அவருக்கும் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. நீயும் நாளைக்கு நாலு கம்பெனி ஏறி இறங்க வேண்டியவ. பேசித் தீர்த்துக்கலாமே?"

கைநீட்டியவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. பாவம், அவர் மன உளைச்சலில் இருக்கிறார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமரசம் என்று ஒரு பிரிவு இருப்பதை இவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். இருப்பது உண்மைதான். புகார் கொடுத்தவள் தானே கேட்டால்தான் சமரசம், அதையும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது என்கிறது அதே பிரிவு. அந்த வரிகள் வந்ததும் அய்யாக்களுக்குக் கண் மங்கிவிடும். பொய்ப்புகாருக்கு நடவடிக்கை என்ற 14-ஆம் பிரிவோ சுவரொட்டி எழுத்தில் தெரியும்! நிரூபிக்க முடியாமல் போவதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறதே, அது? மறுபடியும் கண் மங்கல்.

பத்துப் பேர் வேலை செய்தாலே இத்தகைய புகாரை விசாரிக்க அலுவலகத்தில் உள்ளகக் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர், வெளியாள் ஒருவர். அமைத்துவிடுகிறார்கள், காகிதத்தில். தலைவியின் பதவி உயர்வில் கையெழுத்திடுபவர் அதே மேலதிகாரி. வெளியாள் முதலாளியின் குடும்ப நண்பர். தாங்கள் குழுவில் இருப்பதே சிலருக்குத் தணிக்கைக்கு ஆள் வரும் அன்றுதான் தெரிகிறது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இவர்கள் முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறார்கள்: புகார் கொடுத்தவளுக்கு இடமாற்றம். அவள் எழுதிக் கேட்டால்தான் மாற்றலாம், அந்த மேலதிகாரியையும் மாற்றலாம் என்பதைச் சொல்ல அந்த அறையில் நாக்கே கிடையாது.

கடைநிலைப் பெண் ஊழியருக்குத்தான் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். 2021 பிப்ரவரியில், சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தார் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. பரனூர் சுங்கச்சாவடியில் ஒரு எஸ்.பி. போலீஸ் படையோடு வந்து காரை மறித்தார். எதற்கு? அந்த டி.ஜி.பி.யிடம் போனில் பேசச் சொல்வதற்கு! அரசாங்கச் செலவில் நடந்த பேச்சுவார்த்தை அது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. மறித்தவருக்கு 500 ரூபாய் அபராதம். புகார் கொடுக்கப் போகிறவளை நடுரோட்டில் நிறுத்த இந்த நாட்டில் ஆகும் செலவு அவ்வளவுதான். தனியார் முதலாளி குழுவே அமைக்காவிட்டாலும் முதல் முறை அபராதம் 50,000 ரூபாயைத் தாண்டாது. ஆண்டுவிழாப் பந்தலுக்கே அதைவிட அதிகம் ஆகும்.

தங்கைகளே, சமரசத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் "நான் கேட்டேனா?" என்று எழுத்திலேயே கேளுங்கள். குழு உறுப்பினர்கள் யார் என்று அறிவிப்புப் பலகையில் தேடுங்கள். தவறு செய்தவர் முதலாளியே என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகார் கொடுக்கக் கெடு மூன்று மாதம். டீயைக் குடிக்காமலே எழுந்து போங்கள்.