பாகாயத்து நாயும் பிரியாணித் தொரையும்

வா நைனா, வா. மூஞ்சிய ஏன் இப்டி சுளிச்சிகினு வர? ஓ, லேப்ரடார் ராத்திரி பூரா காத்து வுடுதா! அதுக்கு மெடிக்கல்ல மாத்திர வாங்கப் போறியா? அதுக்கு ஏன் அவ்ளோ தூரம், எதுக்கால நம்ம பாகாயம் மெடிக்கல் காலேஜே கீது, அட்மிஷன் போட்டுரு. கல்கத்தாவுலேர்ந்து ரயிலேறி வேலூருக்கு வைத்தியத்துக்கு வர்றான், உன் தொரை நாலு தெரு நடந்து வரக் கூடாதா? கிண்டல வுடு. மனுசன் மாத்திரய மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கேக்காம நாய் வாயில போடாத.

மொதல்ல அது இன்னா துன்னுதுன்னு சொல்லு.

காலைல அர லிட்டர் பாலு. சாயங்காலம் கொண்டக்கல்ல சுண்டல். ஞாயித்துக்கெழம ஆம்பூர் பிரியாணி, தொட்டுக்க வெங்காயப் பச்சடி. பேஷ்! இத்த நான் துன்னா எங்கூட்டுக்காரி திண்ணைல கூடப் படுக்க வுட மாட்டா.

பால் குட்டிக்குத் தாண்டா. தாய்ப்பால் மறந்துட்டா பால்ல கீற சக்கரய செரிக்கற சத்து பல நாய்க்குக் கொறைஞ்சுடும். செரிக்காதது கொடல்ல போயி நொதிச்சா காத்து வராம சந்தனமா வரும்? கடல, மொச்ச, சோயா எல்லாம் அதே கத. நாய்க்குச் சோறு ஆவாதுன்னு ஒர்த்தன் சொல்வான், நம்பாத. மனுசன அண்டிப் பொழச்சதுலேயே மாவுப்பண்டம் செரிக்கக் கத்துகிச்சு. கொழயக் கொழய வெந்த சோறு, எலும்பு எடுத்த கோழிக்கறி, ரெண்டு துண்டு பரங்கிக்கா, உப்பு காரம் கெடயாது. போதும்.

காத்துல முக்காவாசிக்கு மேல வாசனயே இல்லாதது, தெரியுமா? நாறறது துளி கந்தகம். ஆம்பூர் டேனரிப் பக்கம் போனா, மயிரு எடுக்க சல்ஃபைடு போட்ட தண்ணி மூக்கத் தூக்குமே, ரெண்டும் ஒரே சாதி. அவிச்ச முட்டயும் முட்டகோசும் அள்ளிப் போட்டா உன் ரூமுலயே டேனரி ஓடும், லைசென்சு கூட வேணாம்.

அது இன்னா கையில, கடிக்கிற எலும்பா? மோந்து பாரு, மாட்டுத் தோலு! தோல் வித்தே வூடு கட்டுன சீமையில தோல காசு குடுத்து வாங்கினு வந்த மொத ஆளு நீதான். சீக்கிரம் செரிக்காது, துண்டா முழுங்குனா அடைச்சிக்கும்.

பிரியாணிய மட்டும் வெளயாட்டா எடுத்துக்காத. வெங்காயம், பூண்டு நாயோட ரத்த அணுவ ஒடைக்கும், வேக வச்சாலும் வெஷம் போவாது. வெந்த எலும்பு சில்லு சில்லா ஒடஞ்சு கொடலக் கிழிக்கும். திராட்சயும் சாக்லேட்டும் ஆவவே ஆவாது.

அப்பறம் அவசரம். உன் தொரை தட்ட வச்ச ஒடனே கல்யாணப் பந்தியில மொத வரிச பிடிச்சவன் மாரி முழுங்குது, பாத்திருக்கேன். சோத்தோட காத்தும் உள்ள போவுது. வாயில கொள்ளாத வழவழ கல்லு ஒண்ணக் கழுவித் தட்டு நடுவுல வையி, சுத்திச் சுத்தி மெல்லத் துன்னும். மூக்கு சப்பையான பக் நாயி மூச்சுக்கு வாயத் தொறந்தே கெடக்கும், அதுக்கு இன்னும் பாத்துக் குடுக்கணும். ஒரே வேளைல கொட்டாம ரெண்டா மூணாப் பிரி. பிரியாணிய இன்னிக்கே நிறுத்து, மத்த பழைய தீனிய நாளைக்கே நிறுத்திடாத. புதுச கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஒரு வாரம் ஓட்டு.

வயிறு தமுக்கு மாரி உப்பி, வாந்தி எடுக்க முக்கி ஒண்ணும் வராம, எச்ச ஒழுவி நிலகொள்ளாம அலஞ்சா, அப்ப என் பேச்சக் கேக்காத, ஆட்டோவப் புடி. நெஞ்சு ஆழமான பெரிய நாய்க்கு எரப்ப முறுக்கிக்கும், சில மணி நேரத்துலயே உயிரு போயிடும். பேதி, எடகொறச்சல்னாலும் டாக்டருகிட்ட காட்டு, பூச்சியா இருக்கலாம்.

இத்தன செஞ்சும் ரூமு நாறிச்சுன்னா, ஒரு ராத்திரி நாய வராண்டாவுல கட்டிப் பாரு. அப்பவும் நாறுனா, கட்டில்ல படுத்துகினு கீறாரே உங்க மாமனாரு, அவருக்கு சுண்டல நிறுத்து.