ராயனுக்கு ஒரு ஸ்தோத்திரம்

தாத்தா கிஸ்தி கட்டப் போகும் நாளில் வீட்டில் ஜெபம் நடக்கும். பிசான அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் முதலில் தசமபாகம், அடுத்து கிஸ்தி. மளிகைக் கடைப் பாக்கியெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓய்வுபெற்ற உபதேசியாரான தாத்தாவுக்கு இருந்ததோ தாமிரபரணி வாய்க்கால் பாயும் துண்டு நஞ்சை. அதற்குரிய ரூபாயை வேதாகமத்துக்குள் வைத்து, "தீர்வை கட்டுற அளவுக்கு எங்களுக்கு நிலம் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்பார். பாட்டியின் 'ஆமென்' மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

கிராம முன்சீப்புக்கு இது பெரிய வேடிக்கை.

"உபதேசியாரே, ஜப்தின்னு சொன்னாத்தான் இந்த ஊரு மடியை அவுக்கும். நீரு என்னவே தேடிவந்து கட்டுதீரு?"

"நீரோ ராயன் காலத்துலயே வரியைக் கட்டுங்கன்னு பவுல் எழுதிட்டாரு. நமக்குக் காமராசருதான ஆளுதாரு? கட்டுறதுக்கு என்னய்யா?"

அந்த நீரோதான் பிற்பாடு பவுலையும் கொன்றான் என்பது சபைப் பாரம்பரியம். இந்த மிச்சக் கதையைத் தாத்தா முன்சீப்பிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் நன்றிக்குக் காரணம் கண்ணெதிரே நின்றது. 1950களில் மணிமுத்தாறு அணை எழும்பியது. 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. பாட்டி உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள், அது கோயிலுக்கு. "இந்தக் கலயம் கோயிலைக் கட்டும். அணையை யாரு கட்டுவா?" என்று தாத்தா கேட்பார். வரியைப் பற்றி இதற்கு மேற்பட்ட இறையியலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. உண்மையில், வரியைப் பற்றிப் பிரசங்கமே கேட்டதில்லை. பேதுரு பிடித்த மீனின் வாயில் காசு கிடைத்த கதையைத்தான் ஆண்டுதோறும் கேட்கிறோம். அது ரோமுக்குக் கட்டிய வரியல்ல, எருசலேம் தேவாலயத்துக்கான வரி. ஆனாலும் வரிப்பணத்தை மீன் கொண்டுவந்து தருவது யாருக்குத்தான் பிடிக்காது?

அப்பா காலத்தில் கணக்கு சற்றுக் குழம்பியது. அவர் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். சம்பளம் அரசாங்க மானியத்தில் வந்தது. ஆனால் வீட்டில் அதற்குப் பெயர் 'மிஷன் சம்பளம்'. மாதம் பிறந்ததும் சம்பளம் வந்தால் மிஷனுக்கு நன்றி. பிந்தினால் சர்க்காருக்கு வசவு. 1973-74-ல் வருமான வரியின் உச்ச வீதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். அந்த உச்சியின் அடிவாரத்தைக்கூடப் பார்க்க வழியில்லாத ஆசிரியர்கள், ஓய்வறையில் உட்கார்ந்து பணக்காரர்களுக்காகக் கொதித்தார்கள். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தபோது தாத்தா இல்லை. இருந்திருந்தால் வி.ஏ.ஓ. எங்கே உட்காருகிறார் என்று முதல் நாளே விசாரித்திருப்பார்.

இப்போது என் மகன் சென்னையில் நன்றாகச் சம்பாதிக்கிறான். அவனுக்கு ஒரு ஆடிட்டர் உண்டு. குடும்ப ஜெபம் இல்லை. சபை நடத்தும் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பினால், "80ஜி ரசீது வருமாப்பா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றார் ஆண்டவர். இப்போது இரண்டு கைக்கும் பான் எண் வேண்டியிருக்கிறது. புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது என்று ஆனதும் ரசீது கேட்பது நின்றது. நன்கொடையும் மெலிந்ததை அவன் கவனித்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கத்தோலிக்கச் சகோதரிகளின் வழக்கு இன்னொரு ரகம். உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் கன்னியரும் குருக்களும் வாங்கும் சம்பளம் அப்படியே சபைக்குப் போய்விடும். 1944-ல் வந்த சுற்றறிக்கையின் நிழலில், அதில் வரி பிடிக்காமலே இருந்தார்கள். 2014-ல் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றன. சட்டம் அப்படித்தான் சொல்ல முடியும் என்று எனக்குப் படுகிறது. ஒரு பைசாவையும் தமக்கென வைத்துக்கொள்ளாத அந்தச் சகோதரிகளின் மனத்தாங்கலும் புரிகிறது. எதையுமே துறக்காத எங்கள் சி.எஸ்.ஐ. பெரியவர்கள் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் காட்டிய ஆவேசம்தான் புரியவில்லை.

எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஸ்தோத்திரக் காணிக்கை அறிவிப்பு வாசிப்பார்கள். பிறந்தநாள், திருமண நாள், பேரன் நீட் தேறியது, விசா கிடைத்தது. இப்போதெல்லாம் "வருமான வரி ரீஃபண்டு வந்ததற்காக ஒரு குடும்பத்தார்" என்பதும் காதில் விழுகிறது. கட்டியதற்காக யாரும் ஸ்தோத்திரம் பண்ணி நான் கேட்டதில்லை.

2022-ல் தமிழகமெங்கும் நகரங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். தெருவே புலம்பிக்கொண்டிருந்த சமயம், ஒரு காணிக்கைக் கவரில் '2022-ஆம் ஆண்டு வீட்டு வரி கட்டியதற்காக' என்று எழுதிக் கொடுத்தேன். சபை ஊழியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, வீடு கட்டியதற்காகன்னு எழுத வந்தீங்களோ?"

"இல்ல தம்பி, வரிதான்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆராதனையில் கணீரென்று வாசித்தார்: "வீட்டு வரி குறைந்ததற்காக!"

வெளியே வந்ததும் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். யாரைப் பார்த்தால் குறைப்பார்கள் என்று கேட்டார்கள்.