அழிரப்பர் கூலி: ஒரு சிற்றாராய்ச்சி

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைக்க முதல் எது என்பதில் அறிஞர்கள் மூன்று கட்சி. கடை அட்வான்ஸ் என்பது ஒரு கட்சி. இவர்கள் கட்டடச் சொந்தக்காரர்கள். ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், ப்ளோயர் என்பது இரண்டாம் கட்சி. இவர்கள் அவற்றை விற்பவர்கள். பொறுமை என்பது மூன்றாம் கட்சி; இவர்கள் கடை வைத்ததில்லை. மூன்றும் பிழை. பென்சில் எழுத்தை அழிக்கும் ஐந்து ரூபாய் ரப்பர் ஒன்றும், அதைக் கஸ்டமர் கண்ணில் படாமல் வைக்க ஒரு மேசை டிராயரும் போதும். இரண்டில் டிராயரே தலையாயது. அதை நிறுவுவதே இவ்வாய்வு.

ஆய்வுக்களம், மயிலாடுதுறையில் என் மைத்துனன் வைத்திருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு கடை. இடப்பக்கம் ஜெராக்ஸ், வலப்பக்கம் டீக்கடை. ஆய்வுக்கருவி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். டீச்செலவு முழுதும் மைத்துனனுடையது. நல்கை வழங்கியவருக்கு நன்றி கூறுவது மரபு.

முதலில் சொல்லாராய்ச்சி. பாடப்புத்தகத்தில் சிபியூ என்பது உள்ளங்கையில் அடங்கும் சில்லு. கடைத்தெருவில் அது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்பக்கம் வைத்துக் கொண்டுவரப்படும் முழு இரும்புப் பெட்டி. "நெட்டு வரல" என்பதற்கு நெட்டு வரவில்லை என்று பொருள் கொள்வதும் கத்துக்குட்டித்தனம். ஓர் ஆடிட்டர் ஆபீஸ் பெட்டி இந்தக் குறையோடு வந்தது. நெட்டு நன்றாகவே வந்தது. பெட்டிதான் 2009-ஆம் ஆண்டில் இருந்தது. மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்டை நிறுத்தியதும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். அந்தத் தேதியில் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் பிரவுசர் கதவைச் சாத்திக்கொள்ளும். பேட்டரியின் பெயர் சிஆர் 2032. பெயரிலேயே உடம்பளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். காரணப்பெயருக்கு இலக்கண வாத்தியார்கள் வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இனி ரப்பர். காலை பதினொன்றரைக்கு ஒரு பெரியவர் பெட்டியோடு வந்தார். "ஆன் ஆவுது தம்பி, டிஸ்ப்ளே வரல." மைத்துனன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி கம்பளம் விரித்திருந்தது. ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. (1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் சிக்கிய ஓர் அந்துப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அதை இன்றுவரை பேசுகிறார்கள். மயிலாடுதுறையில் அப்படி ஒட்ட ஆரம்பித்தால் நோட்டை மூட முடியாது.) மைத்துனன் தாழை விலக்கி ரேமை எடுத்தான். டிடிஆர்3 ரேமின் அடிவிளிம்பில் 240 தங்கமுலாம் தொடுமுனைகள். தங்கம் துருப்பிடிக்காதுதான், ஆனால் தூசியும் காவிரிக்கரை ஈரமும் கைப்பிசுக்கும் சேர்ந்து மெல்லிய படலம் போட்டுவிட்டால் இணைப்பு தடுமாறும். இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு 'டக்' என்று அழுத்தினான். டிஸ்ப்ளே வந்தது. ஆன நேரம் ஒன்றரை நிமிடம்.

"முந்நூறு ரூபாய் சார்."

பெரியவர் ரப்பரைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். "இதுக்கா?" என்றார். ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, "எம் பேரன்கிட்ட இந்த மாதிரி மூணு இருக்கு" என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் அதே குறை, வேறு ஆள். மைத்துனன் பெட்டியைத் திறக்கவே இல்லை. "வெச்சுட்டுப் போங்க சார், பாத்துவெக்கிறேன். நாளைக்கு சாயங்காலம் வாங்க." அவர் தெருமுனை திரும்புவதற்குள் ரப்பர் வேலை முடிந்துவிட்டது. பிறகு முப்பது மணி நேரம் பெட்டி அலமாரியில் சும்மா இருந்தது. மறுநாள் கேட்ட முந்நூறைக் கொடுத்ததோடு, "ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்திருப்பீங்க போல" என்று பரிதாபமும் பட்டார்.

இந்த முப்பது மணி நேரத்துக்கு 'ஊறல்' என்று பெயரிடுகிறேன். மாவு புளிக்கவும் மாங்காய் ஊறவும் நேரம் வேண்டும், கூலிக்கும் அப்படியே. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்த எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளைப் பெட்டி என்றால் கஸ்டமர் அதைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கிறார். உழைப்பைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. இது ஏமாற்று அன்றோ எனின், அன்று. ஒன்றரை நிமிடத்தில் முடிக்க மைத்துனனுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. பில் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அலமாரியில் வைத்துக் காட்டுகிறான்.

அடுத்து, கஸ்டமர் இயல். நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு முதலாக எட்டு உவமைகளால் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் சர்வீஸுக்கு வருவதில்லை. கடைக்குக் கடைநிலை உவமைகளில் மூன்று போதும். ஓட்டைப் பானையாகிய இல்லிக்குடம், பாஸ்வேர்டு மறந்தவர். நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, கல்யாண போட்டோவை சி டிரைவோடு பறிகொடுத்துவிட்டு வால்பேப்பர்களைப் பென்டிரைவில் பத்திரப்படுத்தியவர். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, யூடியூபைப் பார்த்துத் தானே கழற்றிவிட்டு, மீந்த ஸ்க்ரூக்களைப் பொட்டலமாகக் கொண்டுவருபவர். எருமைக்குக் கூலி இருமடங்கு. மைத்துனன் இந்த வகைப்பாட்டை உடனே நடைமுறைப்படுத்திவிட்டான். வேலை நோட்டில் பெயர், குறை, தேதி என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் இப்போது 'இ', 'நெ', 'எ' என்று குறிக்க ஒரு சிறு கட்டம் இருக்கிறது.

அரசாங்க விஷயம் சுருக்கமானது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். மைத்துனனுக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை. அறுவடைக் காலம் மட்டும் அவன் கையில் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, ஏழுக்கு 2020 ஜனவரி 14, பத்துக்கு 2025 அக்டோபர் 14 என்று ஆதரவை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் "ஓஎஸ் மாத்தணுமாமே?" என்று பெட்டிகள் வந்து இறங்கின. இந்தத் தொழிலுக்குத் தை மாதம் எப்போது என்பதை அமெரிக்காவில், விண்டோஸ்காரர்கள் இருக்கும் ரெட்மண்டில் குறிக்கிறார்கள்.

இந்த இடம்வரை தட்டச்சு செய்தபோது என் பெட்டியில் டிஸ்ப்ளே போய்விட்டது. கொள்கை வகுத்தவனே முந்நூறு ரூபாய்க்கு வரிசையில் நிற்கலாமா? மகளின் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தேன். நாலு இழுப்புக்கு எட்டாக இழுத்தேன். அந்த உற்சாகத்தில் ரேமைத் திருப்பி வைத்து அழுத்தியதில் தாழ் ஒடிந்து கையோடு வந்தது.

மைத்துனன் உள்ளே பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

"வெச்சுட்டுப் போங்க அத்தான்."

நோட்டை எடுத்துத் தேதி போட்டான். குறை என்ற கட்டத்தில் 'டிஸ்ப்ளே வரல' என்று எழுதினான். பக்கத்துச் சிறு கட்டத்தில், கொஞ்சம் யோசிப்பதுபோல் பேனாவை நிறுத்திவிட்டு, 'எ' என்று போட்டான்.