ரசமும் கணக்கில் உண்டு

வார இதழ்களில் 'ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்' என்று ஒரு வரி வரும். அந்த ஆய்வைத் தேடிப் பிடிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. யார் அந்த ஆய்வாளர்? எழுதமாட்டார்கள். எந்த ஊர்? 'வெளிநாடு.' எப்போது? 'சமீபத்தில்.' இந்தத் தடயங்களை வைத்துத் திருடனைப் பிடிக்கச் சொன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.

இதழ் போட்ட தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் தட்டிப் பிரயோஜனமில்லை. இங்கே மஞ்சள் என்றால் அங்கே குர்குமின். இங்கே தொப்பை, அங்கே இடுப்புச் சுற்றளவு. பெயரை மாற்றிப் போட்டால் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டும். பலவற்றில் சுருக்கம் மட்டும்தான் இலவசம். முழுசும் படிக்க டாலரில் அழ வேண்டும். பரவாயில்லை, இதழ் சொல்லாமல் விட்ட சோதனை எலி பெரும்பாலும் சுருக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஆய்வு கைக்குக் கிடைத்துவிட்டதாலேயே நம்பிவிடவும் கூடாது. 2015-இல் சாக்லேட் தின்றால் எடை சீக்கிரம் குறையும் என்று ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் வரைக்கும் செய்தி போனது. கட்டுரையும் ஒரு மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. ஆட்கள் 15 பேர். அளந்த சங்கதிகள் 18. அத்தனையை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேறத்தானே செய்யும்! யாராவது சரிபார்க்கிறார்களா பார்ப்போம் என்று ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே செய்த வேலை அது.

எங்கள் வீட்டுப் பிரச்சினை சாக்லேட் இல்லை, தண்ணீர். தினம் எட்டு டம்ளர் என்று அம்மா எதிலோ படித்ததிலிருந்து, அப்பா பஸ்ஸில் வெளியூர் போவதையே விட்டுவிட்டார். அவருக்காகத் தேடினேன். சிறுநீரக வல்லுநர் ஹைன்ஸ் வால்டின் 2002-இல் எழுதிய கட்டுரை அகப்பட்டது. எட்டு டம்ளருக்கு ஆதாரமான ஆய்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1945-இல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று நாளுக்கு 2.5 லிட்டர் என்று சொல்லியிருந்தது. அங்கிருந்து வந்திருக்கலாம் என்கிறார். அதைத் தொடர்ந்தே, அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் வாரியம் சொல்லியிருந்தது. அந்த வரியை எல்லோரும் சௌகரியமாக விட்டுவிட்டார்கள்.

"அப்போ ரசமும் கணக்கில் உண்டு!" அப்பா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இது எந்த ஊர்க்காரங்களுக்குச் சொன்னதாம்?" என்றாள் அம்மா.

நான் கடமையுணர்ச்சியோடு வால்டின் கட்டுரையிலிருந்து வாசித்தேன்: மிதமான தட்பவெப்பத்தில், பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே காலம் கழிக்கும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு.

"மதுரையில, சித்திரை மாசத்துல, மிதமான தட்பவெப்பமா?" அம்மா செம்பை எடுக்க எழுந்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அந்த வரியை உன்னை யாருடா படிக்கச் சொன்னது?"