சிப்புக்குத் தெம்பு உண்டா?

கேள்வி: 'சைபர்பங்க் 2077' ஆட கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். கடைக்காரர் 'நாலு ஜிபி ஜிடி 730 போதும் தம்பி' என்கிறார். நண்பனோ ஆர்டிஎக்ஸ் 4090-க்குக் கீழே பேசவே மாட்டேன் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஜிடி 730 வந்தது 2014-இல். நாலு ஜிபி இருப்பது நிஜம்தான். படம் வரைய வேண்டிய சிப்புக்குத்தான் தெம்பில்லை. 4090 தனியாகவே 450 வாட் குடிக்கும், நீளம் ஏறக்குறைய ஒரு அடி. வாங்கினால் எஸ்எம்பிஎஸ், கேபினெட், அப்பாவின் மனசு மூன்றையும் மாற்ற வேண்டிவரும்.

முதலில் உங்கள் மானிட்டரைப் பாருங்கள். 1080பி என்றால் ஆர்டிஎக்ஸ் 3060 போதும். ஆனால் அட்டைப்பெட்டியைத் திருப்பி, 12 ஜிபி என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் தம்பி ஒருவன் உலவுகிறான். முகம் ஒன்று, ஓட்டம் குறைவு.

செகண்ட்ஹேண்டா? 2022 செப்டம்பரில் கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 'மைனிங்'கைக் கைவிட்டதும், அதற்காக இராப்பகலாய் உழைத்துக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. 'வீட்டில் லேசாத்தான் யூஸ் பண்ணேன்' என்பவரிடம், ஒரு மணி நேரம் கேமை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால், உங்களுக்கும் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

ரே டிரேசிங்கை அணைத்தே ஆடுங்கள். எதிரியின் நிழல் தண்ணீரில் எவ்வளவு அழகாக விழுகிறது என்று ரசிப்பதற்குள் அவன் சுட்டுவிடுவான்.