பில் கேட்ஸுக்குப் பத்து நிமிடம், குப்பத்துக்கு மூன்று வருடம்

புத்தூரைத் தெரியாத தமிழர் உண்டா? ஆந்திராவில், நகரியைத் தாண்டி, திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. போகாதவர்களுக்கும் பெயர் தெரியும். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ‘புத்தூர் கட்டு’ போர்டு கண்ணில் படும். கூகுள் இல்லாத காலத்தில், இன்ஃப்ளூயன்சர் யாரும் இல்லாமல், கையைக் காலை முறித்துக்கொண்டு போனவர்கள் நடந்து திரும்பி வந்து வாயாலேயே பரப்பிய பெயர் அது. இப்படி நெட் இல்லாமலே வைரல் ஆன ஊர் இருக்கும் சித்தூர்ச் சீமைக்கு, ‘நெட்வொர்க் என்றால் என்னவென்று நாங்கள் சொல்லித் தருகிறோம்’ என்று பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள்.

வரிசையில் முதல் ஆள், அரசாங்கம். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சுதந்திர தினம், நல்ல நாள், எல்லாம் சரி. வேகம்? 9.6 கேபிபிஎஸ். உங்கள் பெரியப்பா தினமும் அனுப்புகிறாரே ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ, அது ஒரு எம்பி என்று வையுங்கள். வந்து சேர ஏறக்குறைய 15 நிமிடம். குடும்ப குரூப்பில் பத்துப் பேர் பூ அனுப்பியிருந்தால் மார்னிங்கே முடிந்திருக்கும்.

அதுவும் பெருநகரங்களில் மட்டும். மற்ற ஊர்க்காரர்கள் எஸ்.டி.டி. போட்டு நகரத்துக்கு டயல் செய்து, அங்கிருந்து உலகத்துக்குள் நுழைய வேண்டும். லைன் கிடைக்கவில்லை, கிடைத்தால் நிற்கவில்லை. ஊரே திட்டியதும் வி.எஸ்.என்.எல். தலைவர் பி.கே.சிங்கல் ‘சொதப்பிவிட்டோம்’ என்கிற ரீதியில் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். இந்திய இன்டர்நெட் வரலாற்றில் மிகவும் அபூர்வமான சம்பவம். நல்லவேளை, அது வழக்கமாகிவிடவில்லை.

அடுத்து வருபவர் உள்ளூர்க்காரர். சந்திரகிரி பக்கம் நாராவாரிப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்த சந்திரபாபு நாயுடு. (ஒரு சின்ன இடைச்செருகல்: 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைப் பட்டினத்து மணல்மேடு கைமாறியது சந்திரகிரி அரசரின் காலத்தில்தான். ஆக, வெளிநாட்டுக் கம்பெனியை வரவேற்பதில் அந்த வட்டாரத்துக்கு 350 வருட சர்வீஸ்.)

1997-ல் பில் கேட்ஸ் டெல்லிக்கு வருகிறார். அரசியல்வாதி என்றாலே அவருக்கு ஒவ்வாமை. அப்போது ஆந்திர முதலமைச்சராக இருந்த நாயுடு விடவில்லை. பத்து நிமிடம் கிடைத்தது. கையில் லேப்டாப்போடு உள்ளே போய் பிரசன்டேஷன் போட, பத்து நிமிடம் நாற்பதைத் தாண்டியது என்பது நாயுடுவே சலிக்காமல் சொல்லும் கதை. அந்தக் காலத்தில் ஒரு முதலமைச்சரின் கையில் லேப்டாப் என்பது எப்பேர்ப்பட்ட அதிசயம் தெரியுமா? மற்ற முதலமைச்சர்கள் தங்கள் பேனாவைக்கூட உதவியாளரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

மறு வருடமே மைக்ரோசாஃப்ட் ஹைதராபாத்துக்கு வந்தது. பத்திரிகைகள் நாயுடுவை ‘சி.இ.ஓ.’ என்று எழுத ஆரம்பித்தன. மனிதருக்கு அது பிடித்தும்போனது. முதலமைச்சர் நாற்காலிக்கு ஐந்து வருடம் கியாரண்டி, சி.இ.ஓ.வை போர்டு எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடும் என்பதை அப்போது யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

2000 மார்ச் 24. அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் ஹைதராபாத் ஹைடெக் சிட்டிக்கு வந்தார். கம்ப்யூட்டர் வழியாக அரசாங்க வேலை எப்படிச் சிட்டாகப் பறக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? அவருக்கே ஓர் ஆந்திர டிரைவிங் லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள்! எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்களா என்று தெரியவில்லை. உலகத்திலேயே சொந்தமாகக் கார் ஓட்ட அனுமதியில்லாத ஒரே ஓட்டுநர் கையில், உலகத்திலேயே வேகமாக வந்த லைசென்ஸ்.

சரி, ஹைதராபாத் ஜொலித்தது. கிராமம்? அங்கேதான் நம் சித்தூர் மாவட்டம் மறுபடி வருகிறது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரா மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருக்கிறது குப்பம். தெலுங்கில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தமிழில் தொடர்ந்து கன்னடத்தில் முடிக்கக் கூடிய ஊர். நாயுடுவின் தொகுதி. 2002-ல் ஹெவ்லெட் பேக்கர்ட் கம்பெனி அங்கே ‘ஐ-கம்யூனிட்டி’ என்று மூன்று வருடத் திட்டத்தை ஆரம்பித்தது. உலகத்தில் எத்தனையோ லட்சம் கிராமங்கள் இருக்க, கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்தவர்களின் விரல் சரியாக முதலமைச்சரின் தொகுதியில் போய் விழுந்ததை விஞ்ஞானம்தான் விளக்க வேண்டும்.

கம்பெனித் தலைவி கார்லி ஃபியோரினா. ‘ஏழைகளுக்கு உதவி’ என்று மட்டும் சொன்னால் பங்குதாரர்கள் முறைப்பார்கள். எனவே ‘ஏழைகளும் வாடிக்கையாளர்களே’ என்றார்கள். இந்தத் தத்துவத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் நம்ம கோயம்புத்தூரில் பிறந்த சி.கே.பிரஹலாத். குப்பத்துக்கு ‘வாழும் ஆய்வகம்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். ஆய்வகம் என்றால் அதில் எலி யார் என்று எந்த மேடையிலும் கேள்வி எழவில்லை.

கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தார்கள். பெயர் பிரமாதம். விவசாயி உள்ளே வந்து உலகச் சந்தை விலையைப் பார்ப்பார், மாணவன் அறிவுக்கடலில் நீந்துவான் என்பது திட்டம். இந்தியாவில் இப்படி மையம் எங்கே திறந்தாலும் நடக்கிற விஷயம் ஒன்றுதான்: பரீட்சை ரிசல்ட் பார்ப்பார்கள், ஜெராக்ஸ் எடுப்பார்கள், மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அறிவுக்கடல் அலையடித்துக்கொண்டே இருக்கும்.

அலை என்றதும் ஞாபகம் வருகிறது. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதே மாதிரி ஒரு மையம் நடத்தியது. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்று அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து எடுத்து, தமிழாக்கி, ஊர் லவுட்ஸ்பீக்கரில் அலறவிட்டார்கள். வல்லரசின் கடற்படையையே மீனவக் குப்பத்துக்கு அறிவிப்பாளர் ஆக்கியாயிற்று! சாட்டிலைட்டில் தொடங்கிய டெக்னாலஜி, நம் ஊரில் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில்தான் முழுமை அடைகிறது.

குப்பத்திலும் ஒரே ஒரு ஐடியா நிஜமாகவே நடந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், முதுகில் மாட்டிக்கொள்ள சோலார் பலகையும், சின்ன பிரிண்டரும் கொடுத்து ‘கிராம போட்டோகிராஃபர்’ ஆக்கினார்கள். வெயிலில் கரண்ட், கரண்டில் பிரிண்ட், கையோடு காசு. குழந்தை, காதுகுத்து, அரசாங்க அடையாள அட்டை, ஊருக்கு வந்த அதிகாரி என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். குடும்ப வருமானம் கூடியது. ‘டிஜிட்டல் திறன் மேம்பாடு’ என்று அந்தப் பெண்களிடம் யாராவது பாடம் நடத்தியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். போட்டோவுக்குக் காசு என்றதும் மெமரி கார்டு முதற்கொண்டு எல்லாம் தானாக மண்டையில் ஏறியது.

இதைப் பார்த்துப் பெரியவர்கள் பாடம் கற்றிருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. 2004 மே மாதம் தேர்தல் முடிவு. மழையில்லாமல் காய்ந்துபோன கிராமங்கள் சி.இ.ஓ.வை வீட்டுக்கு அனுப்பின. 294 இடங்களில் கட்சிக்கு 47. (குப்பத்தில் மட்டும் அவரே ஜெயித்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் அங்கே அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.) 2005 பிப்ரவரியில் ஃபியோரினாவை அவர் கம்பெனி போர்டே வெளியே அனுப்பியது. மூன்று வருடம் முடிந்தது, ஹெச்.பி. மூட்டை கட்டியது. ஆய்வகத்தில் கடைசிவரை நின்று பிடித்தது எலிகள்தான், விஞ்ஞானிகள் இல்லை.

அப்புறம் செல்போன் வந்தது, கூடவே ஒரு பழைய எல்லைத் தகராறும். 1960-ல் படாஸ்கர் என்பவர் சொன்ன தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கின. மனிதர் கோட்டைக் கவனமாகத்தான் போட்டார். டவருக்கு அது தெரியவில்லை. எல்லையோர கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்தால் ஆந்திரா, கொல்லைப்புறம் போனால் ‘தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்’ என்று மெசேஜ், பின்னாலேயே அந்தக் கால ரோமிங் கட்டணம். தமிழக எல்லைக்காக ம.பொ.சி. போராடியும் கிடைக்காத நிலத்தை ஏர்டெல்லும் பி.எஸ்.என்.எல்.லும் சத்தமில்லாமல் இணைத்துவிட்டன.

ஆட்சிகள் மாறின, டிஜிட்டல் வைத்தியர்கள் குறையவில்லை. 2011-ல் அப்போதைய முதலமைச்சர் கிரண்குமார் ரெட்டி, அரசாங்க சேவைகளை ஆன்லைனில் தரும் ‘மீ சேவா’வை சித்தூர் மாவட்டத்திலிருந்தே ஆரம்பித்தார். அவரும் அதே மாவட்டத்துக்காரர், ஆச்சரியமே இல்லை. 2014-ல் நாயுடு திரும்பி வந்தார். 2017 டிசம்பரில் ஃபைபர்நெட்: மாதம் 149 ரூபாய்க்கு இன்டர்நெட், டிவி, போன் மூன்றும். பள்ளம் தோண்டினால் செலவு என்று கேபிளைக் கரண்ட் கம்பத்திலேயே தொங்கவிட்டார்கள். புத்திசாலித்தனமான யோசனை. கம்பத்தில் தொங்குவது ஏற்கெனவே என்னென்ன என்று லைன்மேனைக் கேட்டிருந்தால் இடம் போதுமா என்று சொல்லியிருப்பார்.

அதே மாதம் கூகுளின் தாய்க் கம்பெனியைச் சேர்ந்த ‘எக்ஸ்’ ஆட்களும் வந்தார்கள். வானத்தில் பலூன் விட்டு நெட் கொடுக்கப் பார்த்த கோஷ்டி. ஆந்திராவில் 2,000 பெட்டிகளைக் கூரையிலும் டவரிலும் மாட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒளிக்கற்றையால் நெட் பாய்ச்சப் போவதாக அறிவித்தார்கள். விட்டலாச்சார்யா படத்தில் இரண்டு மந்திரவாதிகள் எதிரெதிரே நின்று கண்ணிலிருந்து ஒளி விடுவார்களே, அதே டெக்னிக். தெலுங்கு ரசிகர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

2019-ல் ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சிக்கு வந்து எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். 50 வீட்டுக்கு ஒரு வாலண்டியர். அவர் கையில் ஒரு போன், கைரேகை மெஷின். மாதம் பிறந்தால் கதவைத் தட்டி, பாட்டியின் விரலைப் பிடித்து மெஷினில் வைத்துப் பென்ஷனைக் கொடுத்துவிட்டுப் போவது அவர் வேலையாக இருந்தது. உழைத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஒப்புக்கொள்ளாவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள்: இருபது வருடமாக ‘ஆள் வேண்டாம், கம்ப்யூட்டர் போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த மாநிலம், கடைசியில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டரை லட்சம் ஆளைப் போட்டது.

மத்திய அரசு மட்டும் சும்மா இருக்குமா? 2017-ல் கிராமத்து வீட்டுக்கு ஒருவரை டிஜிட்டல் அறிவாளி ஆக்க ஒரு திட்டம். இலக்கு ஆறு கோடி பேர், ஆளுக்கு 20 மணி நேரப் பாடம். ஆனால் அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், அம்பானி சில மாதங்களுக்கு டேட்டாவை இலவசமாக அள்ளி விட்டிருந்தார். சிலபஸ் கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பாலகிருஷ்ணா சண்டைக் காட்சியை யூடியூபில் தேடி எடுக்கப் பெரியவர் கற்றுக்கொண்டார். 20 மணி நேரமெல்லாம் ஆகவில்லை. பேரன் ஒருமுறை காட்டினான், அதுவும் எரிச்சலோடு.

இவர்கள் எல்லாரையும் விடப் பெரிய டிஜிட்டல் வாத்தியார் ஒருவர் திருப்பதி மலைமேல் நிற்கிறார். லேப்டாப் எடுத்துக்கொண்டு அவர் யாரையும் பார்க்கப் போனதில்லை. 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் வைத்தார்கள், அவ்வளவுதான். காலை பத்து மணிக்குத் திறக்கும், நிமிடங்களில் தீர்ந்துவிடும். வெப்சைட்டிலும் வரிசை, உங்களுக்கு முன்னால் இவ்வளவு காத்திருப்பு என்று கணக்குக் காட்டும். அதற்காக எங்கள் அத்தைமார் செய்யும் ஏற்பாடுகளைப் பாருங்கள்: மூன்று போன், இரண்டு கனெக்‌ஷன், எல்லார் ஆதார் நம்பரும் முன்கூட்டியே டைப் செய்து காப்பி பண்ணி வைத்தது, ஓ.டி.பி.க்கு ஒரு ஆள், பணம் கட்ட ஒரு ஆள். பெங்களூர் ஸ்டார்ட்-அப் கம்பெனிகளில் இந்த ஒழுங்கு கிடையாது. ‘எனக்கு போனெல்லாம் தெரியாதும்மா’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே அத்தைதான் கேப்டன்.

2025 ஜனவரியில் ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்று வாட்ஸ்அப்பிலேயே 161 சேவைகளைக் கொண்டுவந்தது. ஆரம்பித்து வைத்தவர் நாரா லோகேஷ். அப்பா லேப்டாப், பிள்ளை வாட்ஸ்அப். குடும்பத் தொழில் முன்னேறுகிறது. நல்லதுதான். மக்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அரசாங்கம் வந்து சேர 28 வருடம் ஆகியிருக்கிறது. இந்திய ரயில்வே கணக்கில் இது லேட்டே இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். மாநிலத்துக்கே ஃபைபர் இழுத்த, லேசர் விட்ட, வாட்ஸ்அப்பில் ஆட்சி நடத்தும் பெரிய மனிதர்களும் அவர்களின் சிபாரிசு பெற்றவர்களும் திருமலைக்கு எப்படி டிக்கெட் எடுக்கிறார்கள் தெரியுமா? பத்து மணிக்கு போனைத் தட்டியா? வி.ஐ.பி. பிரேக் தரிசனத்துக்கு எம்.எல்.ஏ., எம்.பி. கொடுக்கும் சிபாரிசுக் கடிதம் செல்லும். லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்ப், பேனாவில் ஒரு கையெழுத்து. சுத்தமான 19-ம் நூற்றாண்டு டெக்னாலஜி, சர்வர் டவுன் ஆனதாகச் சரித்திரமே இல்லை.

டிஜிட்டல் அறிவு யாருக்கு வேகமாக வரும் என்கிறீர்களா? கடிதம் கிடைக்காதவர்களுக்கு.